கூடல் இழைக்கும் நெஞ்சம்

திருவில்லிபுத்தூர் தந்த ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களைக் கொண்டது. அதன் நான்காம் திருமொழி கூடல் இழைத்தலைப் பற்றியது. தலைவி கண்ணை மூடி மணலில் வட்டம் வரைவாள். கோட்டின் முனைகள் கூடினால் தலைவன் வருவான், கூடாவிடில் வாரான் என்பது நம்பிக்கை. அப்பாசுரங்களின் பக்திச் சுவையை அத்துறையில் தோய்ந்தோர் உரைக்கட்டும். என் கண்முன் நிற்பது அந்த விரல்தான். இன்று அது கைப்பேசித் திரையில் இருக்கிறது. நீலக்குறி விழுந்ததா? விழுந்தும் ஏன் மறுமொழி இல்லை?

என் மாணவர் ஒருவர் திருவில்லிபுத்தூர்க்காரர். அவருடைய உயிர்த்தோழர் இராசபாளையத்து நூற்பாலையொன்றில் பணிபுரிகிறார். ஒருநாள் மாலை 4 மணிக்கு அனுப்பிய செய்திக்கு மறுமொழி வரவில்லை. 17 முறை அழைத்தார். பின்னர்ப் பேருந்தேறி ஆலை வாயிலுக்கே சென்று நின்றார். இரவு 10 மணிக்குப் பஞ்சு படிந்த தலையோடு வெளியே வந்த தோழர், "கைப்பேசி பெட்டிக்குள் கிடக்குதடா. நான் எங்கே போய்விடுவேன்?" என்றாராம்.

இதனைக் குணக்கேடு என்று ஏசுவதை நான் ஏற்கவில்லை. மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் உளவியல் அறிஞர் 1954-55இல் உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்-சேய் உறவை உற்றுநோக்கினார். பிரிந்த தாய் திரும்பிய பின்னும் சில குழந்தைகள் தேறுவதில்லை. கட்டிக்கொண்டே அழும், சினந்து உதைக்கவும் செய்யும். வளர்ந்தோரின் காதலிலும் இப்போக்கு உண்டென ஹேசன், ஷேவர் என்னும் இருவர் 1987இல் எழுதினர்.

இத்தகையோரிடம் 'வரம்பு வகுத்துக்கொள்' என்றால் 'விலகிப் போ' என்றே அவர்கள் செவியில் விழுகிறது. நம் ஊர்க் கண்மாய்க்குக் கரை போட்டது நீரின்மேல் உள்ள வெறுப்பாலன்று. மடை திறக்கும் நாள் உறுதியாகத் தெரிந்தால் கடைமடை உழவரும் கண்ணயர்வார். ஆகவே வரம்பு வகுப்பவர் சொன்ன நேரம் தவறலாகாது. அஞ்சும் நெஞ்சினரோ முதல் வரம்பைத் தம் விரலுக்கே இட வேண்டும். 'இனி உன்னோடு பேசவே மாட்டேன்' என்று சூளுரைப்பது வரம்பாகாது. அது வேறு வேடம் பூண்ட கெஞ்சல். வள்ளுவர் புலவிக்கு உப்பை உவமையாக்கியது இதனை அறிந்துதான் போலும். அளவு மிஞ்சினால் கறியே கெட்டுவிடும்.

தோழர் ஒரு முடிவு சொன்னார்: வேலைநேரத்தில் எத்தனை முறை அழைத்தாலும் எடுக்க மாட்டேன், இரவு 10.30க்கு நானே அழைப்பேன். முதல் வாரம் நம் மாணவர் மாலைதோறும் கைப்பேசியைத் தாயாரிடம் ஒப்படைத்தாராம். இப்போது தம்மிடமே வைத்துக்கொள்கிறார். சில நாள்களில் அழைப்பு வர 10.45 ஆகிவிடுகிறதாம். அந்தக் கால் மணி நேரம் மட்டும் இன்னும் கடினமாகவே இருக்கிறது என்கிறார்.