மன்னன் கையில் மண்வெட்டி

பெரிய ஆறு என்றால் பெரிய கால்வாய் வேண்டும். அதை வெட்ட ஊர் ஊராக ஆள் திரட்ட ஒரு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம்தான் பேரரசு. கார்ல் விட்ஃபோகல் 1957இல் எழுதிய ‘கீழைச் சர்வாதிகாரம்’ நூலின் சாரம் ஏறத்தாழ இதுதான். கேட்கச் சுகமான வாதம், நைல் கரையின் வண்டலைத் தோண்டிப் பார்க்காத வரை. தோண்டிப் பார்த்தவர் கார்ல் புட்சர். 1934இல் ஜெர்மனியில் பிறந்து, கனடாவில் படித்து, சிகாகோவிலும் பின்னர் டெக்சஸிலும் பேராசிரியராக இருந்தவர். பானை ஓட்டைவிட அது கிடந்த மண்ணை அதிகம் நம்பியவர் என்று அவரைச் சொல்லலாம். 1976இல் எகிப்தின் பாசனம் பற்றி அவர் எழுதிய நூல் காட்டும் நைலில் நிலம் ஆற்றோரம் உயர்ந்திருக்கிறது, தள்ளிப் போகப் போகத் தாழ்கிறது. வெள்ளம் தானாகவே அந்தத் தாழ்நிலங்களில் தேங்கி, வண்டலை விட்டுவிட்டு வடியும். ஈரம் காயுமுன் விதைத்தால் போதும். கரையை உயர்த்துவதும் மடையைத் திறப்பதும் அந்தந்த ஊர்க்காரர்கள் முடிக்கும் வேலை. நீர் இறைக்கும் ஏற்றம்கூட, ‘புதிய அரசு’ எனப்படும் காலத்துச் சுவரோவியங்களில்தான் தென்படுகிறது. பிரமிடுகள் அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தவை!

எகிப்தின் தொடக்ககால ஆட்சியாளனான ‘தேள் மன்னன்’ கதாயுதத்தின் தலைப்பகுதியைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. வெண்முடி தரித்த மன்னன் மண்வெட்டியோடு நிற்கிறான். எதிரே ஒருவன் கூடை ஏந்துகிறான். கால்வாய் வெட்டுதான் என்றே வைத்துக்கொள்வோம். முதல் வெட்டு வெட்டும் சடங்கு, நாடெங்கும் மடைகளை ஆண்ட ஓர் அலுவலகத்துக்குச் சாட்சியாகிவிடாது. சரி, பாசனம் அரசை உண்டாக்கவில்லை. வறட்சி அதைக் கவிழ்க்கவில்லையா என்பது அடுத்த கேள்வி, இதுதான் கனமான கேள்வி. பிரமிடுகளைக் கட்டிய ‘பழைய அரசு’ சரிந்த காலத்தை ஒட்டி நைல் வெள்ளம் குறைந்ததைப் புட்சர் மறுக்கவில்லை. ஆனால் 2012இல் எழுதிய கட்டுரையில் வாரிசுக் குழப்பம், நழுவிய மைய அதிகாரம் ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோட்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அல்-மொஅல்லாவில் அன்க்திஃபி என்ற மாகாணத் தலைவனின் கல்லறை இருக்கிறது. மேல் எகிப்தே பசியால் சாகிறது, என் மாகாணத்தில் ஒருவரையும் சாகவிடவில்லை என்று அதன் சுவரில் பீற்றிக்கொள்கிறான். பாதியைத் தற்புகழ்ச்சி என்று தள்ளிவிடலாம். மீதிப் பாதியில், மன்னனின் பெயரால் அல்ல, தன் பெயரால் தானியம் அளந்துகொண்டிருக்கிறான் ஒரு மாகாணத் தலைவன்.