ரெடிமேட் டியூனும் நம்ம ஏத்தமும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கெப் ஓட்டுற நம்ம பசங்ககிட்ட இப்போ அடிக்கடி காதுல விழுற கேள்வி: "மச்சான், டியூன் போட்டுட்டியா?" ஒன்லைனில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வாங்கி இன்ஜின் வயரில் செருகினால் போதும், பவர் கூடிவிடும் என்கிறார்கள். கொழும்புப் பக்கம் போனால், லெப்டொப்பை மாட்டி உங்கள் வண்டிக்கென்றே டியூன் எழுதித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். முதலாவது கடையில் தொங்குகிற ரெடிமேட் சட்டை. இரண்டாவது அளவெடுத்துத் தைக்கிற சட்டை. எது நல்லது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைக்கிற வண்டிக்கு ரெடிமேட் டியூன் வேண்டவே வேண்டாம். தைத்த டியூன் போடலாம், ஆனால் அளவை நம்ம ஏத்தத்தில், நம்ம லோடோடு எடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்ய ஆள் கிடைக்கவில்லையென்றால், கம்பனி போட்டு அனுப்பியதை அப்படியே விடுங்கள்.

இது வண்டிப் பைத்தியங்களின் சண்டை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அந்த லயத்திலிருந்து வந்த ஒரு பையன் கொழும்புக் கடைக்குப் போகாமல், சொந்த ஊரிலேயே மரக்கறி ஏற்றி, சாமான் இறக்கி, ஹயர் ஓடிப் பிழைக்கலாம் என்று நினைத்தால் அவனுக்கு இருக்கிற ஒரே வழி லீசிங்கில் ஒரு கெப். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் முழுசாகத் திறந்தது. இடையில் பழைய வண்டியின் விலை எங்கேயோ போய்விட்டது. பலரிடம் இருப்பது லட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடி முடித்த இன்ஜின். டர்போ போனால் வண்டி கராஜில் நிற்கும். லீசிங் நிற்காது.

டியூன் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம். இப்போதைய டீசல் இன்ஜினில் எவ்வளவு டீசல், எந்த நொடியில், எந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்கிற கம்பியூட்டர் தீர்மானிக்கிறது. அதற்குள் பெரிய பெரிய அட்டவணைகள் இருக்கின்றன. அந்த எண்களை மாற்றுவதுதான் டியூன். செருகுகிற பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த அட்டவணைகளைத் தொடுவதே இல்லை. டீசல் அழுத்தத்தைச் சொல்லும் சென்சருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்கின்றன. ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. கூடுதல் டீசல் போகிறது, பவர் வருகிறது. மூளையை ஏமாற்றி எடுக்கிற பவர் இது.

இன்னொரு வகை ரெடிமேட்டில் அட்டவணையே மாறும். ஆனால் அந்த அட்டவணையை யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு நாட்டில், தன் வண்டிக்காக எழுதியிருப்பார். தாய்லாந்தின் சமவெளியில், அவுஸ்திரேலியாவின் நெடுஞ்சாலையில் ஓடுகிற கெப்புக்கு அது சரியாகவே இருக்கலாம். நம்ம வண்டி ஓடுவது அங்கே இல்லையே.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். கொழும்பில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ, அதே அளவு காற்றை நுவரெலியாவில் தள்ள வேண்டுமென்றால் இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்பனி எழுதிய அட்டவணையில் இதற்கு ஏற்பாடு உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பார்த்து, டர்போ எல்லை மீறாதபடி டீசலையும் பூஸ்டையும் ஈசியூ குறைத்துக்கொள்ளும். நானுஓயா தாண்டியதும் வண்டி கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சோர்வு இன்ஜினுக்குப் போட்ட காவல். பூஸ்ட் எல்லையைத் தளர்த்திய ரெடிமேட் டியூன் அந்தக் காவலைத்தான் முதலில் எடுத்துவிடுகிறது.

காவல் போனால் என்ன ஆகும்? டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத டீசல் கரும்புகையாக வரும், புகைபோக்கிப் பக்கம் சூடு ஏறும். அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். பிஸ்டன் அலுமினியக் கலவை. ஓவர்டேக் பண்ணும் பத்து செக்கனுக்கு அந்தச் சூட்டை அது தாங்கும், அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர வைக்கிறார்கள். ஆனால் நம்ம ஏத்தம் பத்து செக்கன் ஏத்தமா? கினிகத்தேனையிலோ றம்பொடையிலோ லோடோடு இரண்டாம் கியரில் வளைவுக்கு மேல் வளைவு. வேகம் குறைவு, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் குறைவு. கடல் மட்டத்து நேர்ரோட்டுக்கு எழுதிய எண்கள் இந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் எடுத்ததே இல்லை.

"டியூன் போட்டா டீசல் மிச்சம்" என்று ஒரு பேச்சும் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். லோடோடு மூன்று டன் எடையுள்ள கெப்பை அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு, அதாவது சுமார் 1,800 மீட்டர் மேலே தூக்க வேண்டும். தூரம், வளைவு, டயர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 4 லீற்றர் டீசல் வேண்டும். எந்தப் பெட்டியும் இதில் தள்ளுபடி வாங்கித் தராது. நல்ல டியூன் ஒரு கியர் கூட்டி ஏற விடலாம், அதில் கொஞ்சம் மிஞ்சலாம். அடைத்த எயார் ஃபில்டரை மாற்றினாலும், டயருக்குச் சரியாகக் காற்றடித்தாலும், தேய்ந்த இன்ஜெக்டரைச் செய்தாலும் மிஞ்சும். அதையெல்லாம் செய்யாமல் டியூன் போடுவது காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புகிற வேலை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மரக்கறி ஓடுற வண்டியில் முழு லோடு எந்தப் பக்கம் போகிறது? கீழேதான். கரட், லீக்ஸ், கோவா எல்லாம் தம்புள்ளைக்கும் பேலியகொட மெனிங் சந்தைக்கும் இறங்குகின்றன. பல நாள் திரும்பி வரும்போது வண்டி பாதி காலி. ஆகக் கனமான லோடுக்குத் தேவை பிரேக், டயர், கியரைக் குறைத்து இறங்குகிற பழக்கம். நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் ஒரு பேருந்து வானோடு மோதி 7 பேர் செத்தார்கள். அந்த இறக்கத்தை நாம் எல்லாரும் அறிவோம். டியூனுக்கு எடுத்து வைத்த காசில் முதல் பங்கு பிரேக்குக்குப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

புகையைப் பற்றியும் பேச வேண்டும். கரும்புகை கக்கி ஏறும் கெப்பை வீடியோ எடுத்துப் போடுவது ஒரு பெருமையாகிவிட்டது. இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. 2020இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட அறிக்கையின்படி, பத்து வருடத்தில் 550,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களின் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்கள். அங்கே அகலமான ரோடு. இங்கே ரோட்டோரம் யார் நடக்கிறார்கள்? கொழுந்துக் கூடையோடு நம்ம அம்மாமார், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள். லயத்து வாசலும் பல இடத்தில் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. அந்தப் புகை நம்ம வீட்டுக்குள்தான் போகிறது. வருடா வருடம் புகைப் பரிசோதனையில் பாஸாகாமல் வருமான வரிப்பத்திரமும் எடுக்க முடியாது.

ரெடிமேட்டுக்காரர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. விலை குறைவு. வேண்டாமென்றால் பெட்டியைக் கழற்றிவிடலாம். எங்கேயோ ஒரு தெரியாத ஆள் ஈசியூவில் கை வைத்துக் கெடுப்பதைவிட, ஆயிரம் வண்டியில் ஓடிப் பார்த்த ஒரு பொதுவான டியூன் மேல்தானே என்று கேட்கலாம். சில "தைத்த" டியூன்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி சரி என்றே படுகிறது. பெயர்தான் தைத்த டியூன். உள்ளே இருப்பது எங்கேயோ இறக்கிய அதே ஃபைல். அரை மணி நேரத்தில் ஏற்றிக் காசு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே டியூன் போடுகிறவரிடம் கேட்க நாலு கேள்வி. போடுவதற்கு முன்னால் இன்ஜெக்டர், டர்போ, கம்ப்ரெஷன் பார்ப்பீர்களா? லோடோடு ஏத்தத்தில் ஓட்டி, பூஸ்டும் சூடும் பதிவெடுத்து, அதைப் பார்த்து எண்களைத் திருத்துவீர்களா? உயரத்துக்கு ஏற்பக் குறைக்கிற எல்லைகளையும் புகை எல்லையையும் அப்படியே விடுவீர்களா? பழைய ஃபைலைக் கையில் தருவீர்களா? நாலுக்கும் ஆம் என்றால் யோசிக்கலாம். ஒன்றுக்கு இழுத்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக் கேட்பது ஒன்றும் புதுசில்லை. கம்பியூட்டர் வருவதற்கு முன்னால் நம்ம ஊர் கராஜ் பாஸ்மார் டீசல் பம்பின் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பி, வண்டியை ஏத்தத்தில் ஓட்டி, புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, மறுபடி திருப்புவார்கள். லெப்டொப் இல்லை, டைனோ இல்லை. ஆனாலும் அதுதான் அளவெடுத்துத் தைத்தது. இன்றைக்கு இந்த வேலையைப் படித்துக்கொண்டு நம்ம பசங்களில் நாலு பேர் ஹட்டனிலேயே உட்கார்ந்தால், யாரும் கடல் மட்டத்து டியூனைக் காசு கொடுத்து மலைக்குத் தூக்கிவர வேண்டியதில்லை. அதுவரைக்கும் டியூன் காசை பிரேக்குக்கும் சேர்விஸுக்கும் போடுங்கள். வண்டி மெதுவாக ஏறட்டும், லீசிங் முடியும்வரை ஓடட்டும்.