கோல் வியாபாரமா, சூதாட்டமா?

பெயரை மாற்றிவிட்டால் பொருளும் மாறிவிடும் என்று ஜனங்களை நம்ப வைக்கும் வித்தை நம் நாட்டுப் புரோகிதக் கூட்டத்துக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் அதைப் பெரிய கம்பெனிகள் நடத்துகின்றன. பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கியில், இரண்டு கட்சியும் சேர்ந்து மொத்தம் எத்தனை கோல் போடும் என்று பணம் கட்டுகிறார்கள். இதற்குச் சூதாட்டம் என்று பெயர் இல்லையாம், "கணிப்புச் சந்தை"யாம்!

அந்தச் சந்தை நடக்கிற விதத்தைப் பாருங்கள். 5.5 கோலுக்கு மேலா, கீழா என்பது கேள்வி. அரை கோல் என்று உலகத்தில் ஒன்றுமில்லை. யாருக்கும் வெற்றியில்லை என்ற தொல்லை வராமலிருக்கவே அந்த அரை. "மேல்" என்கிறவன் 55 சென்ட் வைத்தால், "கீழ்" என்கிறவன் 45 சென்ட் வைக்கிறான். ஆட்டம் முடிந்ததும் ஒருவனுக்கு முழு டாலர், மற்றவனுக்கு வெறுங்கை. நடுவில் கம்பெனிக்குத் தரகு. இதில் ஒரு படி தானியம் விளைந்ததா, ஒரு முழம் துணி நெய்யப்பட்டதா என்று கேட்கிறோம்.

இதற்குச் சொல்லும் சமாதானம் வெகு விசித்திரமானது. கோதுமைக்காரன் விலை இறங்கிவிடுமோ என்று பயந்து முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளுகிறானே, அதுபோன்றதாம் இதுவும். அமெரிக்காவில் கோதுமை, பருத்தி முதலிய சரக்குகளுக்காக 1936ல் ஒரு சட்டம் வந்தது. 1974ல் அதற்கென ஒரு கமிஷன் ஏற்பட்டது. கால்ஷி என்னும் கம்பெனி 2020ல் அந்தக் கமிஷனிடம் அனுமதி வாங்கி, 2025 முதல் அதன் நிழலிலேயே விளையாட்டையும் விற்கிறது. கோதுமைக்காரனுக்குக் களத்தில் கோதுமை இருக்கிறது. ஆறாவது கோலைப் பயிரிட்டு, அதன் விலை இறங்கிவிடுமே என்று நடுங்கும் குடியானவன் எந்த ஊரில் இருக்கிறான்? சூது சம்பந்தமான ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானால் கமிஷன் தடுக்கலாம் என்று 2010ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கோல் சந்தையில் இருக்கிறது! ஆட்டத்தைக் காக்க வேண்டிய தேசிய ஹாக்கி லீக்கோ, 2025 அக்டோபரில் கால்ஷியோடும் பாலிமார்க்கெட்டோடும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது.

"இது அறிவின் வியாபாரம்" என்கிறார்கள். சராசரி எத்தனை கோல் விழும் என்று அறிவது அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விலையிலேயே அடங்கிப் போய்விட்டது. மிஞ்சுவது என்ன? 3-2 என்றிருக்கும்போது, பின்தங்கிய கட்சி கடைசி நிமிஷங்களில் கோல் காப்பவனை வெளியே அழைத்து, அவனுக்குப் பதிலாக ஆறாவது ஆட்டக்காரனை விடும். எதிராளி ஒருவன் தூரத்திலிருந்து தட்டிய ரப்பர் வட்டு காவலில்லாத வலைக்குள் போனால் 4-2. "கீழ்" என்றவன் பணம் அத்தோடு போயிற்று. இதை எந்த அறிவு முன்கூட்டிக் கண்டது? "அய்ந்து ஆட்டமாகக் கோல் குறைவு, ஆகவே இன்று நிறைய விழும்" என்கிறவனும் இருக்கிறான். அந்த வட்டுக்கு நேற்றைய ஆட்டம் ஞாபகமிருக்குமா? ராகுகாலம் பார்க்கிறவன் புத்திக்கும் இவன் புத்திக்கும் என்ன வித்தியாசம்?

எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2024ல் ஸஸ்குவஹானா என்ற பெரிய பங்குச்சந்தை ஸ்தாபனமே கால்ஷியில் விலை வைக்க வந்தது. கணிதப் பட்டதாரிகளும் யந்திரங்களும் ஒரு பக்கம். வேலை முடிந்து கைப்பேசியோடு உட்காரும் தொழிலாளி ஒரு பக்கம். இருவரும் "சமமான வியாபாரிகள்" என்பதுதான் பேச்சு!

அமெரிக்காவில் பெரும்பாலான மாகாணங்களில் விளையாட்டுப் பந்தயம் கட்ட 21 வயது ஆக வேண்டும். சந்தை என்று பெயர் வைத்ததால் 18 வயதுப் பையன் போதும் என்றாயிற்று. 2025ல் டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் விளையாட்டுப் பந்தயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. இதற்கோ தாராளமாக இடமிருந்தது.

நெவாடா என்ற மாகாணம் சூதாட்டத்தை ஒளிவுமறைவில்லாமல் லைசென்ஸ் கொடுத்து நடத்தி, அதில் வரி வாங்கிப் பிழைப்பது. அந்த மாகாணத்துச் சூதாட்ட அதிகாரிகளே 2025 மார்ச்சில், எங்கள் லைசென்ஸ் இல்லாமல் நடத்தும் இதை நிறுத்து என்று கால்ஷிக்குத் தாக்கீது அனுப்பினார்கள். தாயக்கட்டையோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தங்கள் ஜாதிக்காரனை அடையாளம் தெரியாதா?