தாகத்தோடு நிற்பவரிடம் மார்க்கம் கேட்கலாமா?

அமாவாசை இரவில் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்திற்காகச் சிறப்புப் பேருந்துகள் வந்தவண்ணம் இருக்கும். கைக்குழந்தையோடு தாய்மார்கள், கால் தளர்ந்த முதியவர்கள். மாசியில் மயானக் கொள்ளை என்றால் கூட்டம் இன்னும் பன்மடங்கு. இவர்களுக்குக் குடிநீர் வழங்கலாமே என்று நம் இளைஞர்கள் சிலர் ஜமாஅத் கூட்டத்தில் கேட்டார்கள். "கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது ஷிர்க்கிற்குத் துணைபோவது. அதற்கு பைத்துல்மால் பணமா?" என்றார் மூத்த நிர்வாகி ஒருவர். எவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பூஜைக்குக் காசு தரும்படியோ, சிலைமுன் நிற்கும்படியோ இளைஞர்கள் கேட்டிருந்தால் நானும் அந்த நிர்வாகியின் பக்கமே நின்றிருப்பேன். வணக்கத்தில் பங்கெடுப்பது வேறு. வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்புகிறவர்கள் தவ்பா அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தைக் காட்டுகிறார்கள். ஹாஜிகளுக்கு நீர் புகட்டுவது, ஈமான் கொண்டு இறைவழியில் பாடுபடுவதற்கு ஈடாகாது என்பதே அதன் கருத்து. ஈடாகாது என்பதற்கும் கூடாது என்பதற்கும் வேறுபாடு இல்லையா?

மக்கா வெற்றியின்போது அறியாமைக் காலப் பெருமைகள் அனைத்தையும் தம் காலடியில் போட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். கஅபாவின் பராமரிப்பையும் ஹாஜிகளுக்கு நீர் வழங்கும் பொறுப்பையும் மட்டுமே விட்டுவைத்தார்கள். நீர் வழங்கும் பொறுப்பு அப்பாஸ் (ரலி) அவர்களிடமே நீடித்தது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அந்த நீரைப் பருகியவர்கள் யார்? சிலைகளை வணங்கியவர்கள்தாம். அத்தகைய பணி ஷிர்க்கிற்குத் துணையென்றால் அன்றே ஒழிக்கப்பட்டிருக்கும். இணைவைப்பில் இருந்த தம் தாய் தேடி வந்தபோது அஸ்மா (ரலி) அவர்கள் தயங்கிக் கேட்டார்கள். உறவைப் பேணுமாறே விடை கிடைத்தது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியை நம் மத்ரஸாப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். நாய்க்குக் கொடுத்தால் நன்மை, பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தால் பாவமா?

பணத்தைப் பற்றிய கேள்வியில் நியாயம் உண்டு. ஜகாத்துக்குரிய எட்டுப் பிரிவுகள் வரையறுக்கப்பட்டவை. அதில் கைவைக்க வேண்டாம். தண்ணீர் கேன்களுக்கு ஸதகா போதும்.

என்னை உறுத்துவது வேறொன்று. 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் திறந்தன. கொரோனாக் காலத்தில், உறவினரே அஞ்சிய உடல்களை மதம் பாராமல் நம் தொண்டர்கள் அடக்கம் செய்தார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தையே மூழ்கடித்தபோது, உணவுப் பொட்டலம் வாங்கியவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று எவர் கேட்டார்? அப்போதெல்லாம் ஷிர்க் என்ற சொல் எழவில்லை. அப்போது புகைப்படக் கருவி இருந்தது, மறுநாள் நாளிதழில் செய்தி இருந்தது. மாதந்தோறும் வரும் தாகத்தைப் படம்பிடிக்க எவரும் வருவதில்லை.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். மாசியில் ஒருநாள் 'மதநல்லிணக்கம்' என்று பதாகை கட்டி, தம்ளரை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு, பங்குனி அமாவாசையில் காணாமல் போவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். பதாகை வேண்டாம், ஜமாஅத்தின் பெயரும் வேண்டாம். மூடி போட்ட கேன், கழுவிய தம்ளர்கள், இஷாவுக்குப் பின் முறைவைத்து நிற்க நான்கு பேர், சிந்திய இடத்தைத் துடைக்க ஒரு துணி. இவ்வளவுதான் தேவை.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை நானே எழுப்பப்போகிறேன். முதல் இரண்டு கேன்களுக்கான பணம் என்னுடையது.