எத்தனை ஜிபி கார்டு?

சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு விற்கும் கடைகளின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். "அண்ணா, கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி இருக்கு?" கடைக்காரரும் சளைக்காமல் "2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி இருக்கு, உனக்கு எது வேணும் தம்பி?" என்பார். அரிசிக் கடையில் போய் என்ன அரிசி என்று கேட்காமல் எத்தனை கிலோ மூட்டை என்று மட்டும் கேட்பது மாதிரிதான் இதுவும். பொன்னியா, ரேஷன் அரிசியா என்பது வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்த பிறகுதான் தெரியும்.

வாங்க வருகிறவர் பெரும்பாலும் மாணவர். அப்பாவிடம் ஆறு மாதம் கேட்டு, "படிப்புக்குத்தான்" என்று அம்மாவைச் சிபாரிசுக்கு வைத்து, கையில் பத்தாயிரமோ இருபதாயிரமோ வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அடுத்த கார்டு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகுதான். அந்தப் பணம் சரியான பொருளுக்குப் போகிறதா என்பது இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. அந்தக் கேள்வியே தப்பு.

உதாரணத்துக்கு ஜிடி 730 என்ற கார்டு. என்விடியா இதை 2014-ல் வெளியிட்டது. ஒரே பெயரில் மூன்று விதம். ஒன்றில் 96 கோர்கள், மற்ற இரண்டில் 384 கோர்கள். அவற்றிலும் ஒன்றில் ஜிடிடிஆர்5 நினைவகம், மற்றதில் பழைய டிடிஆர்3. இந்த டிடிஆர்3 வகையில் 4 ஜிபி வைத்தும் கார்டுகள் விற்பனைக்கு வந்தன. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டிலும் 4 ஜிபிதான். ஜிபியைக் கேட்டு வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்று, ஜிடி 730 விலை குறைவு, ஆகவே அதுவே லாபம்! ஆனால் நினைவகத்திலிருந்து தகவல் வந்து போகும் வேகம் 1050 டிஐ கார்டில் நொடிக்கு 112 ஜிபி, 64 பிட் டிடிஆர்3 வைத்த ஜிடி 730 கார்டில் 14.4 ஜிபி. கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம். குடோன் இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் வாசலில் லாரி போகும், இன்னொன்றில் சைக்கிள்தான் போகும். அந்தச் சின்னக் கார்டு தன்னுடைய 4 ஜிபியையும் நிரப்பி ஒரு விளையாட்டை ஓட்டுவதற்குள், திரையில் படம் ஸ்லைடு ஷோ மாதிரி நகர ஆரம்பித்துவிடும்.

கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இந்தக் குழப்பத்தைத் தயாரித்து அனுப்புவதே கம்பெனிகள்தான். ஜிடி 1030 என்ற கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. மறு வருடமே அதே பெயரில், அதே 2 ஜிபியோடு, உள்ளே சாதாரண டிடிஆர்4 வைத்து இன்னொன்று வந்தது. நொடிக்கு 48 ஜிபியாக இருந்த வேகம் 16.8 ஆகிவிட்டது. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அதே பெயர்தான். 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970 கதை இன்னும் வேடிக்கை. 4 ஜிபி என்று விற்றார்கள். அதில் கடைசி அரை ஜிபி மட்டும் மிக மெதுவாக இயங்கும் என்பது வாங்கியவர்களே சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2016-ல் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தர என்விடியா ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். வித்தியாசம் நினைவகத்தில் மட்டும்தான் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒன்றில் 9728 கோர்கள், மற்றதில் 7680. எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே மறு மாதம் 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி, விலையையும் 100 டாலர் குறைத்துக் கொண்டுவந்தார்கள். சத்தம் போட்டால் பெயரும் மாறுகிறது, விலையும் மாறுகிறது. ஜிடி 1030 வாங்கிய ஏழை மாணவர்களுக்காகச் சத்தம் போட்டவர்கள் குறைவு. அதனால் அந்தப் பெயர் மாறவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். ஜிபி கேள்வி முழுக்க அர்த்தமில்லாதது என்றும் தள்ளிவிட முடியாது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக வந்தது. இதில் சிப் ஒன்றேதான். புதிய விளையாட்டுகள் சிலவற்றில் 8 ஜிபி நிரம்பி வழிந்து, அதே சிப் தடுமாறுகிறது. மொழி மாதிரிகளை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க நினைக்கும் மாணவருக்கு நினைவகம்தான் முதல் தேவை. மாதிரி கார்டுக்குள் அடங்கவில்லை என்றால் கோர்கள் எத்தனை இருந்தும் சுகமில்லை. ஆக, ஜிபி கேட்கலாம். ஆனால் அது இரண்டாவது கேள்வி. கார்டின் முழுப் பெயர், நினைவகத்தின் வகை, எத்தனை பிட் என்பதெல்லாம் தெரிந்த பிறகு கேட்க வேண்டியது.

சரி, நல்ல கார்டாகவே வாங்கியாயிற்று. அதை மாட்டப்போகும் பெட்டியில் என்ன இருக்கிறது? அசெம்பிள் செய்த கணினிகளில் மிக மோசமாகக் கஞ்சத்தனம் செய்யும் இடம் எஸ்எம்பிஎஸ். பிராசசர் பெயரை மனப்பாடமாக ஒப்பிப்பவருக்குக்கூடத் தன் எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று தெரிந்திருக்காது. கேபினெட்டோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். மேலே '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாறாமல், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். கார்டும் பிராசசரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கலாம், 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை எடுக்கும். ஐ5 12400எஃப் பிராசசர் முழு மூச்சில் ஓடும்போது 117 வாட் வரை எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் 287. கணக்கு எங்கே இடிக்கிறது என்பது ஐந்தாம் வகுப்புப் பையனுக்கே புரியும்.

இந்தக் குறை உடனே தெரியாது என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். டெஸ்க்டாப் வரும், படம் ஓடும், எல்லாம் சுகம். விளையாட்டைத் திறந்து பத்தாவது நிமிஷம் பட்டென்று எல்லாம் அணைந்து, கணினி மறுபடி தானே கிளம்பும். உடனே "கார்டு டூப்ளிகேட்" என்று கடைக்கு ஓடுவார்கள். கடையில் நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்துச் சோதித்தால் அழகாக ஓடும். கடைக்காரர் சிரிப்பார், பையன் குழம்புவான். இரண்டு மூன்று முறை பஸ் ஏறி அலைந்த பிறகுதான் யாராவது ஒரு சீனியர், "டேய், எஸ்எம்பிஎஸ் என்னடா போட்டிருக்க?" என்று கேட்பார்.

இதைவிட ஆபத்தானது கன்வெர்ட்டர் வயர். கார்டுக்கு ஆறு பின் இணைப்பு தேவை, எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை என்றால், ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் வயரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் ஒரு வயரைச் சல்லிசான விலைக்குக் கையில் திணிப்பார்கள். சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். ஆறு பின் இணைப்பு கேட்கக்கூடியது 75 வாட். வயர் உருகும், சில சமயம் புகையும். விலை உயர்ந்த கார்டுக்கே இந்தத் தொல்லை உண்டு. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அதன் புதிய 12 வோல்ட் இணைப்பு சிலருக்கு உருகிப் போனது. இணைப்பை முழுதாக உள்ளே அழுத்தாததுதான் பொதுவான காரணம் என்றது என்விடியா. பிறகு அந்த இணைப்பின் வடிவத்தையே திருத்தினார்கள். அப்படியானால் கொஞ்சம் தப்பாகச் செருகினாலே உருகுகிற மாதிரி வடிவமைத்ததும் தப்புதானே! ஆறு பின்னே இல்லாத எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவருக்கு நேர்மையான வழி இரண்டுதான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவது, அல்லது தனி இணைப்பு கேட்காமல் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்துக்கொள்ளும் கார்டாக வாங்குவது. 1050 டிஐ இத்தனை வருடம் பேசப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் பல மாடல்கள் தனி வயரே கேட்கவில்லை.

யூபிஎஸ்ஸையும் மறந்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாகத் தருவது 360 வாட். கார்டு இல்லாதபோது கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்கியது, கார்டு போட்ட பிறகு விளையாடும்போது கரண்ட் போனால் "கீ..." என்று கத்திவிட்டு ஒரேயடியாக அணைகிறது. யூபிஎஸ் கெட்டுவிட்டது என்று பேட்டரி மாற்றுகிறவர்களும் உண்டு. பேட்டரி பாவம், அது என்ன செய்யும்?

மாட்டுகிற வேலை இதையெல்லாம் விடச் சுலபம். மெயின் பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்டில் 'க்ளிக்' கேட்கும் வரை அழுத்தி, ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. இரண்டாவது நீள ஸ்லாட்டும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் பல மதர்போர்டுகளில் அதில் கால்வாசி இணைப்புதான் உண்டு. கழற்றும்போதுதான் கவனம் தேவை. ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கியைத் தள்ளாமல் பலமாக இழுத்து உடைத்தவர்கள் ஏராளம்.

அடுத்தது மானிட்டர் வயர். கார்டைப் போட்டுவிட்டுப் பழைய பழக்கத்தில் வயரை மதர்போர்டிலேயே செருகிவிடுவார்கள். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் படம் வந்துவிடும், புதுக் கார்டு பேசாமல் தூங்கிக்கொண்டிருக்கும். 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அங்கே திரை கறுப்பாகவே நிற்கும். வயர் கார்டின் பின்பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். டிரைவரைப் பெட்டியில் வரும் பழைய சிடியிலிருந்து போடாமல் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வது நல்லது.

பழைய கணினிக்குப் புதிய சின்னக் கார்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏஎம்டி 2022 ஜனவரியில் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும். புதிய தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் சமாளித்துவிடும். பழைய 3.0 போர்டில் அந்த நான்கு பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும். இந்த விலையில் கார்டு வாங்குகிறவர் யார்? பழைய போர்டு வைத்திருப்பவர்தான். யாருக்காகச் செய்ததாகச் சொன்னார்களோ அவருக்கே அது பொருந்தவில்லை. விளையாட்டை ஓட்டிக்கொண்டே வீடியோவாகப் பதிவு செய்ய உதவும் வன்பொருள் என்கோடரும் அதில் இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றி ஒரு பயம் எப்போதும் உண்டு. ஈதரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்ட வாங்கிக் குவித்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடிய கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. தேய்ந்திருப்பது பெரும்பாலும் விசிறியும் சிப் மேல் தடவிய பேஸ்ட்டும்தான். பயப்பட வேண்டியது போலிக் கார்டுக்கு. ஜிடிஎஸ் 450 மாதிரியான பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்றார்கள். விண்டோஸ் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இந்த மாதிரிக் கார்டுகளைப் போலி என்று காட்டிக்கொடுக்கிறது. ஒரு பென் டிரைவில் அதைப் போட்டு எடுத்துப்போய், விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணலாம். ஓட்ட விடமாட்டேன் என்று சொன்னால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. கார்டு அறைக் காற்றைக் கொண்டுதான் குளிர வேண்டும். 25 டிகிரி குளிரூட்டிய அறையில் சோதித்து 70 டிகிரி என்று எழுதுகிற கார்டு, அக்கினி நட்சத்திரத்தில் 38 டிகிரி மொட்டை மாடி அறையில் 83-ஐத் தொடும். தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் வைப்பது நல்ல யோசனைதான், மாதம் ஒருமுறை தூசி தட்டத் தயாராக இருந்தால்.

இத்தனைக்கும் பிறகு, கார்டே தேவையில்லாதவர்கள்தான் அதிகம். டிடிபி வேலை, டேலி, பாடம் படிப்பது, யூடியூப் பார்ப்பது, சின்னதாக ப்ரோகிராம் எழுதுவது எல்லாவற்றுக்கும் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் போதும். "கார்டு போட்டால் சிஸ்டம் ஸ்பீடாகும்" என்று சொல்லி விற்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மெதுவாக இருக்கும் பழைய கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டால் அதைவிடக் குறைந்த செலவில் வித்தியாசம் தெரியும். பிளெண்டரில் வேலை செய்கிறவர், வீடியோ எடிட் செய்கிறவர், விளையாடுகிறவர் வாங்கட்டும். விளையாட வாங்குவதை 'படிப்புக்கு' என்று வீட்டில் சொல்வது அவரவர் சாமர்த்தியம்.

அப்படி வாங்குகிறவர் பில்லில் '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று மட்டும் எழுத விடக் கூடாது. மாடலின் முழுப் பெயர், நினைவகத்தின் வகை, சீரியல் எண் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வாரன்டிக்குப் போய் நிற்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.