டிக்கியில் எத்தனை லிட்டர்?

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கும். கார் வந்து ஆறு மாதம் ஆயிற்று. பாட்டு கேட்கிறது, ஆனால் 'பாஸ்' போதவில்லை என்று பிள்ளையாண்டான் முணுமுணுக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரும் பிள்ளையுமாகக் கடைக்குக் கிளம்புகிறார்கள். "பத்து அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா?" என்கிறார் கடைக்காரர். பெரியதுதானே நல்லது! பன்னிரண்டு அங்குல ஸப்வூபர் ஒன்று, கடையில் தயாராக இருந்த ஒரு பெட்டியில் ஏறி, வீடு வந்து சேருகிறது. அடுத்த வாரம் ஊருக்குப் போக நீங்கள் டிக்கியைத் திறந்தால் ஸூட்கேஸுக்கு இடம் இல்லை. போகட்டும், பாட்டாவது நன்றாக இருக்கிறதா என்றால், எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும் தும்'தான்.

கடைக்காரரின் கேள்வியில்தான் கோளாறு. முதலில் கேட்க வேண்டியது அங்குலத்தை அல்ல, லிட்டரை. பாலும் எண்ணெயும் லிட்டர் கணக்கில் வாங்குகிறவர்கள் நாம். ஆகவே இந்த வியாபாரத்தில் தாராளமாகத் தலையிடலாம்.

ஸப்வூபர் என்பது மந்தர ஸ்தாயிக்கென்றே ஏற்பட்ட ஸ்பீக்கர். அதன் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே க்ஷணத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். பெட்டியில்லாமல் வெறுமே வைத்து இயக்கினால் கூம்பு தடதடவென்று ஆடும். பாஸ் மட்டும் எழும்பாது. பின்பக்கத்து ஒலியைச் சிறை வைக்கத்தான் பெட்டி.

சிறைப்பட்ட காற்று சும்மா இருக்குமா? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்திப் பாருங்கள். எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறுக்கச் சிறுக்க இந்த எதிர்ப்பு அதிகம். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் இந்தக் காற்று ஸ்பிரிங்கையே வேலைக்கு அமர்த்தி, சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் வரவழைத்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்டு ஸ்மால் 1970-களிலும், எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பொருந்தும் என்று கணக்காகவே எழுதி வைத்துவிட்டார்கள். நல்ல கம்பெனி ஸ்பீக்கரோடு வரும் காகிதத்தில் அந்த எண்கள் இருக்கும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதில் மூன்று எண் போதும். ஓர் உதாரணம்: எப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 60 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.35 என்று போட்டிருக்கிறது. முதலாவது, ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் சுருதி. இரண்டாவது, அதன் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு. மூன்றாவது, அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் நிற்கிறது என்பது. நீங்கள் 20 லிட்டர் பெட்டி செய்கிறீர்கள். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3. ஒன்றைக் கூட்டினால் 4. அதன் வர்க்கமூலம் 2. அந்த இரண்டால் பெருக்குங்கள். 30 ஹெர்ட்ஸ் 60 ஆகிறது, 0.35 என்பது 0.7 ஆகிறது. இந்த 0.7-ஐச் சுற்றி வந்தால் மூடிய பெட்டியில் ஒலி சமனாக இருக்கும். அதே ஸ்பீக்கரை 12 லிட்டரில் திணித்தால் 73 ஹெர்ட்ஸுக்கும் 0.86-க்கும் ஏறிவிடும். ஆழம் குறைந்து, ஒரே சுருதி துருத்திக்கொண்டு நிற்கும். நாம் கேட்ட 'தும் தும்' அதுதான். 48 லிட்டர் கொடுத்தால் 45 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பது வாஸ்தவம். ஆனால் டிக்கி போய்விடும்.

அவ்வளவு கொடுக்க அவசியமும் இல்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். காரின் உட்புறமோ அதில் பாதிகூட இல்லை. இப்படி அடைத்த சிறு அறையில் தாழ்ந்த ஒலி தானாகவே பலம் பெறும். வீட்டுக் கூடத்தில் சோனியாகத் தோன்றும் பெட்டி காரில் கம்பீரமாக ஒலிப்பது இதனால்தான்.

துளைக் குழாய் வைத்த பெட்டியும் உண்டு. சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் நாதம் போல, குழாய்க் காற்றும் சேர்ந்து பாடும். குறைந்த வாட்ஸில் அதிக முழக்கம்! ஆனால் பன்னிரண்டு அங்குலத்துக்கு 40, 50 லிட்டர் கேட்கும். குழாயின் சுருதிக்குக் கீழே போனால் கூம்புக்குக் கடிவாளம் இல்லை. சத்தத்தை ஏற்றினால் சேதம்தான். வாலிபப் பிள்ளைகள் இதைத்தான் விரும்புவார்கள். மிருதங்கத்தின் தொப்பி தெளிவாகக் கேட்க வேண்டும், டிக்கியும் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு மூடிய பெட்டியே என் ஓட்டு.

தச்சரிடம் அளவு சொல்லும்போது ஜாக்கிரதை. 38-க்கு 38-க்கு 25 சென்டிமீட்டர் என்று வெளியளவு சொன்னால் அது 36 லிட்டர். 18 மில்லிமீட்டர் பலகை போக உள்ளே நிற்பது 25 லிட்டர்தான். காந்தமும் சட்டமும் அதில் இரண்டு மூன்று லிட்டரை விழுங்கும். மாருதி ஸ்விப்ட் போன்ற வண்டியின் டிக்கியே மொத்தம் சுமார் 265 லிட்டர் என்பதை நினைவில் வையுங்கள். அதில் குறைவது உள்ளளவு அல்ல, வெளியளவு. அதற்கும் மனமில்லையென்றால், ஸீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குலத் தட்டைப் பெட்டிகள் ஆம்ப்ளிபயரோடு சேர்ந்தே வருகின்றன. கண்ணாடி அதிராது, பாட்டு நிறையும்.

ஆம்ப்ளிபயர் விஷயத்தில் 'பீக்' வாட்ஸ் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பாட்டரியிலிருந்து வரும் ஒயரில், பாட்டரிக்கு அருகிலேயே ப்யூஸ் இருக்க வேண்டும்.

பெட்டி தயாரானதும் கூம்பை உள்ளங்கையால் மெல்ல, சமமாக அழுத்தி விடுங்கள். நிதானமாக மேலே வந்தால் மூடிய பெட்டியில் காற்றுக் கசிவு இல்லை. சட்டென்று எழுந்தால், பணம் கொடுக்குமுன் மூட்டுகளை அடைக்கச் சொல்லுங்கள். ஹாட்ச்பாக் வண்டியில் பின்ஸீட்டில் குழந்தைகள் உட்காருகிறார்கள். திடீர் பிரேக்கில் பத்துப் பதினைந்து கிலோ பெட்டி அவர்கள் பக்கம் பாயலாம். எனவே போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஒயருக்குக் கழற்றி மாட்டும் பிளக் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி வீட்டில் இருக்கட்டும். ஸூட்கேஸ் வண்டியில் ஏறட்டும்.