கிடாவும் பந்தியும்

திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் தை மாதம் முனியாண்டி சாமிக்குத் திருவிழா. நேர்ந்துவிட்ட கிடாக்களும் சேவல்களும் வெட்டுப்பட்டு, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். படையல் முடிந்ததும் உள்ளூர், வெளியூர் பாராமல் இலையில் விழும். தூக்குவாளியோடு வந்தவர்களுக்கும் உண்டு. செலவு, ஊரை விட்டுப் போய் முனியாண்டி விலாஸ் உணவகங்கள் நடத்துகிறவர்களுடையது. 1930களில் காரைக்குடியில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய தொழில் அது. தினமும் முதல் வியாபாரப் பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைக்கிறார்கள்.

பழைய கிரேக்க நகரங்களிலும் தொடையெலும்பைக் கொழுப்பில் சுற்றித் தீயிலிட்டால் தெய்வத்தின் பங்கு தீர்ந்தது, கறி மக்களுக்கு. மாடு வாங்கித் தந்த செல்வரின் பெயர் கல்லில் ஏறும். அக்ரைஃபியா என்ற சிற்றூரில் கி.பி. முதல் நூற்றாண்டில் எபமினோண்டாஸ் என்பவர் போட்ட விருந்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. குடிமக்களோடு வெளியூராரும் அடிமைகளும் உண்டார்கள். அவர் மனைவி பெண்களுக்குப் பந்தி வைத்தார். அடிமைப் பெண்களையும் விடவில்லை. எல்லா நகரமும் இப்படி இல்லை. பதவியில் இருந்தவர்களுக்குக் கூடுதல் பங்கு என்று எழுதிவைத்த ஊர்களும் உண்டு. முதல் மரியாதைக்கு வெட்டுக்குத்து வரை போன, சேரிக்குப் பங்கே மறுத்த நம் ஊர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்ற 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி 2003இல் தமிழ்நாட்டில் பலியைத் தடுத்தார்கள். 2004இல் அந்தச் சட்டமே போனது. கத்தியைப் பற்றி அவ்வளவு பேசினோம். பந்தியில் யாருக்கு இலை, யாருக்கு இல்லை என்ற கேள்வி அன்றும் ஓரத்திலேயே கிடந்தது.

தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் ஒரகடம் சாலையில் இன்று கொடை என்றால் கம்பெனிக் கொடை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். வகுப்பறையும் குடிநீர்த் தொட்டியும் நமக்குத் தேவைதான், வரட்டும். ஆனால் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் அந்தச் சட்டத்தில் இல்லை. அது ஊர்தான் நடத்த வேண்டிய நாள்.

ஆடி வருகிறது. ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரியைச் சுற்றிய வாடகை அறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த காண்ட்ராக்ட் தொழிலாளிகள் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார்கள். வாடகை வாங்குகிறோம், கடையில் அவர்களிடம் வியாபாரம் செய்கிறோம். விழாக் குழுவினர் வரி வசூலுக்குக் கிளம்பும்போது அந்தக் கதவுகளையும் தட்ட வேண்டும்; பணம் கேட்க அல்ல, கூழுக்கும் கிடாக்கறிக்கும் வரச்சொல்லி அழைக்க. நைட் ஷிப்ட் ஆட்கள் வந்து சேரும் வரை அண்டாவை மூடிவைத்துக் காத்திருக்கவும் வேண்டும்.